இல்லாத ஊரை மட்டையில் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதையில் கேட்ட மாளிகை, கூத்தில் பார்த்த அரண்மனை, மனதுக்குள் மட்டும் இருக்கும் ஒரு தீவு நகரம்: இவற்றைப் பெட்டி மட்டையாலும் தென்னை ஈர்க்காலும் மேசை மேல் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் இருப்பது மட்டக்களப்பில். ஆகவே சாமான், காற்று, மழை எல்லாம் இந்தப் பக்கத்துக் கணக்கு. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆட்களுக்கும் பெரிய வித்தியாசம் வராது.

கற்பனை இடம் என்றால் வெளிநாட்டுக் கோட்டைகளைத்தான் செய்ய வேண்டுமா?

ஒன்லைனில் பார்க்கிறதில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கும்: கூர்க் கோபுரம், பனி மூடிய மலை, வாசலில் ஒரு டிராகன். செய்ய ஆசையென்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் சின்ன வயதிலிருந்தே நம் காதில் விழுந்துகொண்டிருக்கும் இடங்கள் கட்டுவாரில்லாமல் கிடக்கின்றன. வடமோடிக் கூத்தில் பாரதக் கதையை விடிய விடிய ஆடுகிறோம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீ மிதிக்கும் தீப்பள்ளயத்துக்கு வருடா வருடம் கூடுகிறோம். கூத்துக் களரியிலே மாளிகையும் கிடையாது, மண்டபமும் கிடையாது. வட்டக் களரி, நடுவில் கூத்தை நடத்தும் அண்ணாவியார், மத்தளம், அவ்வளவுதான். மிச்சத்தைப் பார்க்கிறவர் மனதில் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படி நீங்கள் கட்டிக்கொண்ட மாளிகையைத்தான் மட்டையில் கட்டச் சொல்கிறேன்.

நகரம் முழுவதையும் செய்ய நினைப்பவர்களுக்குப் பழைய பாட்டிலேயே வரைபடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்துப் புகார் கடல் பக்கம் மருவூர்ப்பாக்கம், உள்பக்கம் பட்டினப்பாக்கம், இரண்டுக்கும் நடுவே மரங்களின் கீழே நாளங்காடி என்னும் பகல் சந்தை என்று பிரிந்து கிடக்கிறது. பரிபாடலில் வரும் மதுரை ஒரு தாமரைப் பூ: தெருக்கள் இதழ்கள், நடுப்பொகுட்டில் அரசன் கோயில், அதாவது அரண்மனை. இவை நிஜ ஊர்கள்தான், ஆனால் பாட்டிலே வரும் அந்த உருவத்தை நாம் கற்பனையில்தான் பார்க்க முடியும். வட்டமாக ஒரு பலகை வெட்டி இதழ் இதழாகத் தெரு போட்டால் அந்தத் தாமரை ஊர் பாதி முடிந்த மாதிரி.

எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலானவர்கள் கோபுரத்திலிருந்து தொடங்குகிறார்கள். அழகான கோபுரம் ஒன்று வரும், அதைச் சுற்றி என்ன வைப்பதென்று தெரியாமல் மொடல் அலுமாரிக்கு மேலே போய்விடும்.

நான் சொல்வது: முதலில் தண்ணீர், அடுத்து காற்று, அதற்குப் பிறகுதான் சுவர். அந்த ஊர் ஆட்கள் குடிதண்ணீர் எங்கே அள்ளுகிறார்கள்? தோணியை எங்கே கட்டுகிறார்கள்? கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் எந்தப் பக்கத்து யன்னலைச் சாத்துவார்கள்? குப்பையை எங்கே கொட்டுவார்கள்? இந்த நாலுக்கும் பதில் எழுதிப் பாருங்கள். ஊர் தானாக ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும்.

அப்புறம் ஒரே ஒரு விதி போடுங்கள். உதாரணத்துக்கு, வாவிக்குள் இருக்கும் ஒரு நகரம். ஒவ்வொரு மாரிக்கும் ஓராள் உயரத்துக்கு வெள்ளம் ஏறும். இவ்வளவுதான் விதி. அப்படியானால் கீழ்த்தட்டில் யாரும் குடியிருக்கமாட்டார்கள், வெறும் தூண்கள்தான். படி எல்லாம் வெளிப்பக்கம். முன்வாசல் மேல்மாடியில். ஒவ்வொரு வாசல் பக்கத்திலும் தோணி கட்ட ஒரு வளையம். சுவரில் வெள்ளக்கறை ஒரே மட்டத்தில் ஊரைச் சுற்றி ஓடும். கோயிலோ பள்ளிவாசலோ இருந்தால் அது மட்டும் மேட்டில். கோழிக்கூடு எங்கே என்று யோசித்தால் அதுவும் மாடியில்தான். பார்க்கிறவருக்கு நீங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கறையைப் பார்த்ததும் அவருக்கே பிடிபடும்.

விதியை இடையில் மாற்றக் கூடாது. கீழ்த்தட்டில் ஆசைக்கு ஒரு தேத்தண்ணிக் கடை வைத்தீர்கள் என்றால் மொத்த ஊரும் பொய்யாகிவிடும்.

எந்த அளவுத்திட்டம் நல்லது?

ஒரு வீடு, ஒரு மாளிகை என்றால் 1:50. ஒரு தெரு அல்லது சின்னக் கோட்டை என்றால் 1:100. முழு நகரம் என்றால் 1:500. பொம்மை வீட்டுக்காரர்கள் 1:12 என்பார்கள், ரயில் மொடல்காரர்கள் 1:87 என்பார்கள். அவர்களுடைய ரெடிமேட் சாமான் உங்களிடம் இல்லாதபோது அந்த இலக்கங்கள் தேவையில்லை.

1:50 எனக்கு ஏன் பிடிக்கும் என்றால் கணக்கு இலேசு: 1 மீட்டர் என்பது 2 சென்ரிமீட்டர். ஏழடிக் கதவு ஏறக்குறைய 4.3 சென்ரிமீட்டர். ஆள் 3.3 சென்ரிமீட்டர். இன்னொரு வசதியும் உண்டு. சாமான் வரும் சாதாரண நெளிமட்டைப் பெட்டி ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிப்பு. 1:50இல் அது 15 சென்ரிமீட்டர், அதாவது சரியாக ஒரு படியின் உயரம். மட்டையைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை 5 அல்லது 6 மில்லிமீட்டர் பின்தள்ளி ஒட்டிக்கொண்டே போனால் படிக்கட்டு தயார். விளிம்பிலே தெரியும் நெளிவை மறைக்க மெல்லிய கடதாசி ஒன்றை மடித்து ஒட்டிவிடுங்கள்.

பெரிதாகத் தொடங்க முன்னம் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். பாலமீன்மடு வெளிச்சவீடு 28 மீட்டர் உயரம். 1:100இல் 28 சென்ரிமீட்டர், மேசைக்கு அளவு. கல்லடிப் பழைய பாலம் சுமார் 288 மீட்டர். அதே அளவுத்திட்டத்தில் கிட்டத்தட்ட 3 மீட்டர் வரும். உங்கள் வீட்டு விறாந்தை தாங்குமா?

இல்லாத ஊருக்கு அளவுகளை எங்கே எடுப்பது?

இருக்கிற ஊரில். உருவம் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் பரவாயில்லை. படி, கதவு, யன்னல் விளிம்பு, கைபிடிச்சுவர் இந்த நாலும் மனித உடம்புக்குப் பொருந்த வேண்டும். அவை பிசகினால் மாளிகை கேக் பெட்டி போலத் தெரியும்.

அளவு நாடாவோடு மட்டக்களப்புக் கோட்டைக்கு ஒரு பின்னேரம் போய் வாருங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது, நெடுங்காலம் உள்ளே கச்சேரி இயங்கியது. நாலு மூலையிலும் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. வாசல் வளைவின் அகலத்தையும் சுவர்த் தடிப்பையும் பாருங்கள். கோட்டை என்றால் உயரம் என்று நினைக்கிறோம். உண்மையில் கண்ணில் அடிப்பது தடிப்பு. மொடல் செய்கிறவர்கள் கோட்டைச் சுவரை ஒற்றை மட்டையில் வெட்டி நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு மட்டையை இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே மூடினால்தான் யன்னலுக்குள் இருட்டு விழும். அந்த இருட்டுத்தான் பாரத்தைக் காட்டும்.

படம் எடுக்கும்போது அடிமட்டம் ஒன்றையோ அப்பியாசக் கொப்பி ஒன்றையோ சுவரோடு சாய்த்து வைத்து எடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அளந்துகொள்ளலாம். அரச அலுவலகம், பாதுகாப்புப் பகுதி, தனியார் வீடு என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

என்ன சாமான் வேண்டும்? கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டுமா?

தேவையே இல்லை. ரெலிவிஷன், மின்விசிறி வரும் பெட்டி மட்டை சுவருக்கு. பிஸ்கட் பெட்டி மட்டை, பிரிஸ்டல் போர்ட் யன்னல் சட்டத்துக்கும் நுண் வேலைக்கும். தென்னை ஈர்க்கு வளை, கைமரம், யன்னல் கம்பி எல்லாவற்றுக்கும். ஈர்க்கு ஒரு நுனியில் மெல்லிசாகப் போவதால் அளவு பார்த்துத் தரம் பிரித்து வையுங்கள், நடுத்துண்டுதான் உதவும். தும்பு கூரைக்கு. பன்பாய் கிழிந்தால் எறிய வேண்டாம், 1:50இல் அது தட்டி. மருதமுனைப் பக்கம் நெசவுக்காரர் யாரையும் தெரிந்தால் வெட்டுத்துண்டு கேளுங்கள். சின்னச் சின்னக் கோடு போட்ட துணி கொடிக்கும் கடை மறைப்புக்கும் அருமையாகப் பொருந்தும்.

ஆயுதம் என்று பார்த்தால் பேப்பர் கட்டர், இரும்பு அடிமட்டம், மூலைமட்டம், மண்தாள், உடுப்புக் கிளிப் ஒரு பிடி. ஒட்டுவதற்கு பைண்டர் கம் என்னும் வெள்ளைப் பசை. பிளாஸ்டிக் அடிமட்டத்தில் கத்தியை ஓடவிட வேண்டாம், அடிமட்டமும் போகும், விரலும் போகும்.

நத்தாருக்கு வீட்டில் பாலன் குடில் கட்டுகிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரிந்த வேலை.

பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிபோம் பாவிக்கலாமா?

நிலத்துக்கும் மலைக்கும் பாவிக்கலாம். சுவருக்கு வேண்டாம், விளிம்பு பொரிந்து, எவ்வளவு பூசினாலும் ரெஜிபோம் என்றே தெரியும். சூப்பர் குளூ, ஸ்பிரே பெயின்ட், தினேர் மூன்றும் ரெஜிபோமைக் கரைக்கும். பைண்டர் கம்மால் ஒட்டி, கடதாசி ஒரு படை ஒட்டி மூடிவிட்டு, தண்ணீர்ப் பெயின்ட் அடியுங்கள். சூட்டுக் கம்பியால் வெட்டினால் புகை நல்லதில்லை, முற்றத்தில் வைத்து வெட்டுங்கள். சூப்பர் குளூ பற்றி இன்னொன்று: பஞ்சிலோ பருத்தித் துணியிலோ ஊற்றிவிடக் கூடாது. கையைச் சுடுமளவுக்குச் சூடேறும்.

சுவர் எல்லாம் வளைந்துவிடுகிறது. ஏன்?

பசையில் தண்ணீர் இருக்கிறது. மட்டையின் ஒரு பக்கம் மட்டும் கடதாசி ஒட்டினால் அது காயும்போது சுருங்கி, மட்டையைத் தன் பக்கம் இழுக்கும். மறுபக்கத்திலும் அதே தடிப்பில் ஒரு கடதாசி ஒட்டுங்கள். இரண்டும் இழுத்து நேராக நிற்கும். ஒட்டிய பிறகு ஓர் இரவு புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் ஓர் இரவு போதாது. பெரிய சுவராக இருந்தால் உள்ளே 4, 5 சென்ரிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கு மட்டை கொடுங்கள்.

நெளிமட்டையில் உள்ளே ஓடும் நெளிவுகள் நிலைக்குத்தாக நிற்கும்படி வெட்டினால் சுவர் பாரம் தாங்கும். படுக்கையாக வெட்டினால் கொஞ்ச நாளில் மடியும்.

கூரை?

ஓட்டுக்கூரை என்றால் நெளிமட்டையை நனைத்து, மேல் கடதாசியை உரித்து எடுத்தால் உள்ளே நெளிவு தெரியும். ஆனால் பெரிய பெட்டியின் நெளிவு 1:50க்குக் கூடப் பெரிது. பல்பைச் சுற்றி வரும் மெல்லிய நெளிமட்டை கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். கிடுகுக் கூரைக்குத் தும்பை 2 சென்ரிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக் கீழ் வரிசையிலிருந்து மேலே ஏறி ஒட்ட வேண்டும், நிஜ வேய்ச்சல் மாதிரியே. மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு வரிசையின் வெட்டு முனையும் வெளியே தெரியும்.

மண், மரம், வாவித் தண்ணீர்?

கடல் மண் எடுத்தால் நல்ல தண்ணீரில் பல தடவை கழுவி, வெயிலில் காயவைத்து, அரித்துப் பாவியுங்கள். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பெயின்ட் உரியும். மரத்துக்குப் புல்லின் காய்ந்த வேர் போதும். கண்டல் மரத்தை முறிக்காதீர்கள். முருகைக்கல்லையும் உடைத்து எடுக்காதீர்கள், அது சட்டப்படியும் குற்றம்.

தண்ணீருக்கு முதல் வேலை நிறம்: கரையோரம் மண் கலந்த பச்சை, நடுவே கடும் கரும்பச்சை. மட்டக்களப்பு வாவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் நீலம் எவ்வளவு குறைவு என்று தெரியும். மேலே தெளிந்த வார்னிஷ் பல மெல்லிய படைகளாக. பைண்டர் கம்மைத் தடிப்பாக ஊற்றினால் மழைக்காலத்தில் மறுபடி வெளுத்துப் பால் மாதிரியாகும்.

அரக்கு மாளிகையை எப்படிச் செய்வது?

இது அதிகம் வரும் கேள்வி, சந்தோஷம்தான். முதலில் கதை: துரியோதனன் சொல்லிப் புரோசனன் வாரணாவதத்தில் பாண்டவருக்கு மாளிகை கட்டுகிறான். சுவருக்குள்ளே அரக்கு, நெய், வைக்கோல், மூங்கில் என்று தீப்பற்றும் சாமான்கள். விதுரர் குறிப்பால் எச்சரித்து, சுரங்கம் தோண்ட ஓர் ஆளையும் அனுப்புகிறார். தீ வைத்த இரவில் அவர்கள் சுரங்கத்தால் தப்பிப் போகிறார்கள்.

இதை வெளியிலிருந்து மட்டும் காட்டினால் இன்னொரு மாளிகைதான். பாதியாகப் பிளந்து காட்டுங்கள். 1:50இல் அடிப்பலகைக்கு மேலே 7, 8 சென்ரிமீட்டர் உயரத்துக்கு நிலத்தை அடுக்குங்கள். குனிந்து போகிற சுரங்கம் என்றால் 2.4 சென்ரிமீட்டர் உயரம் போதும். சுரங்க வாய் ஓர் அறையின் தரைப்பலகைக்கு அடியில் இருக்கட்டும். அந்தப் பலகை மட்டும் மற்றவற்றை விட ஒரு நிறம் வித்தியாசம். வெட்டுமுகத்தில் சுவரின் உள்ளடக்கத்தைக் காட்டுங்கள்: இரண்டு மட்டைக்கு நடுவே நறுக்கிய வைக்கோல், ஈர்க்குத் துண்டு, மேலே வழுவழுவென்று மண்ணிறப் பூச்சும் வார்னிஷும். பொதிக்கு முத்திரை வைக்கிற அரக்கு கிடைத்தால் தூண் அடியில் இரண்டு சொட்டு உருக்கி விடுங்கள். முன்பக்கம் விழாக் கோலம், வெட்டுமுகம் கொலைத் திட்டம். இரண்டையும் ஒரே பார்வையில் காட்ட மொடலால் மட்டும்தான் முடியும்.

இந்த மொடலுக்குள் மட்டும் மெழுகுதிரி வைத்துப் பார்க்காதீர்கள். கதை தெரியும்தானே.

மயன் சபை?

கொஞ்சம் கை பழகிய பிறகு. மயன் 14 மாதத்தில் கட்டியதாகக் கதை. நீங்களும் அவசரப்பட வேண்டாம். தரையைத் தண்ணீரென்று நினைத்துத் துரியோதனன் உடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தது, தண்ணீரைத் தரையென்று நினைத்து விழுந்தது, இந்த இரண்டும் மேசையில் நடக்க வேண்டும். ஒரு சதுரத்தில் பச்சைநீலம் பூசி, மேலே உடுப்புப் பெட்டியின் தெளிவான பிளாஸ்டிக் மூடியை வெட்டி ஒட்டுங்கள்: இது தரை. பக்கத்தில் 3 மில்லிமீட்டர் பள்ளம் வெட்டி, அடியில் கல் பதித்த கோலம் வரைந்து, தெளிந்த ரெசினைத் தரைமட்டத்துக்கு ஊற்றுங்கள்: இது தண்ணீர். இரண்டின் விளிம்பும் ஒரே மட்டத்தில், ஒரே கரைப்பட்டியோடு இருக்க வேண்டும். பார்க்க வருகிறவர் விரலால் தொட்டுப் பார்த்தால் வேலை சரி.

விளக்கு போடலாமா?

போடுங்கள், ஆனால் வீட்டு மின்சாரத்தில் ஓடும் சோடனை விளக்கை மட்டைக்குள் நுழைக்காதீர்கள். 3 வோல்ற் பொத்தான் பற்றரியில் ஒரு வெள்ளை எல்.ஈ.டி நேரடியாக எரியும். போன் சார்ஜரின் 5 வோல்ற்றில் எரிக்க ஒவ்வொரு எல்.ஈ.டிக்கும் 220 ஓம் தடை ஒன்று போடுங்கள். மஞ்சள் சாயல் உள்ளதை வாங்குங்கள். எல்லா யன்னலிலும் வெளிச்சம் வேண்டாம். மூன்றில் ஒன்று போதும், ஊர் பாதி தூங்கட்டும்.

மனித உருவம் வைக்க வேண்டுமா?

அளவு காட்ட ஏதாவது ஒன்று வேண்டும். உருவம் வைக்க விரும்பாத வீடுகளும் உண்டு, காத்தான்குடியில் ஒரு தம்பி செய்த யோசனை நல்லது: வாசலில் இரண்டு சோடிச் செருப்பு, சுவரில் சாய்ந்த சைக்கிள், கொடியில் காயும் சாரம். எனக்கு அதுதான் உருவத்தை விடப் பிடித்திருக்கிறது. ஆள் இப்போதுதான் உள்ளே போனார் என்று தோன்றும்.

த்ரீ-டி பிரின்டர் இருந்தால் இலேசுதானே?

ஒரே மாதிரி நாற்பது தூண் வேண்டுமென்றால் இலேசு. மற்றபடி கைவேலை செய்ய வந்துவிட்டு அதை ஏன் இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும்?

இந்த வேலையால் பெயர் எடுத்தவர்கள் உண்டா?

கொங்கோ நாட்டின் போடிஸ் இசெக் கிங்கெலெஸ் (1948–2015) பற்றித் தேடிப் பாருங்கள். கடதாசி, பெட்டி மட்டை, போத்தல் மூடி, சோடாத் தகரம் இவற்றால் இல்லாத நகரங்களைக் கட்டியவர். 2018இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. அவருடைய பெரிய வேலைகளில் ஒன்று 1994இல் செய்தது: தான் பிறந்த கிராமத்தையே வானுயர்ந்த மாடங்களோடு ஒரு மாநகரமாகக் கட்டியிருக்கிறார். களுவாஞ்சிக்குடியையோ திருக்கோவிலையோ அப்படி யாராவது கட்டினால் பார்க்க ஆசை.

கறையான், கரப்பான், ஈரம்?

கோதுமை மாப் பசை மலிவு, ஆனால் கரப்பானுக்கு அது சாப்பாடு. புத்தகம் கட்டுகிறவர்கள் துருசு கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம், பைண்டர் கம்மே போதும். அடிப்பலகையைச் சுவரோடு ஒட்டாமல், நிலத்தில் வைக்காமல், கால் வைத்த மேசையில் வையுங்கள். ரெஜிபோம் உள்ள மொடலின் பக்கத்தில் பூச்சி உருண்டை போட வேண்டாம், அதன் ஆவி ரெஜிபோமை இளக்கும். முடிந்த மொடலுக்கு உள்ளும் புறமும், முக்கியமாக அடியிலும், ஒரு படை வார்னிஷ். அடியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

காசு வருமா?

கற்பனை ஊருக்குக் காசு தருகிறவர் குறைவு. அதே கைக்கு வீட்டுப் பிளானை மொடலாகச் செய்து கொடுக்கும் வேலை வரும். வீடு கட்டப்போகிறவர்கள் பிளானை விட மொடலைப் பார்த்துத்தான் குசினி சின்னது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

கண்காட்சிக்கு பஸ்ஸில் கொண்டு போகலாமா?

வெட்டத் தொடங்க முன்னமே இதை யோசித்தால் கொண்டு போகலாம். அடிப்பலகையை மடியில் வைக்கக்கூடிய அளவு, 40க்கு 40 சென்ரிமீட்டர் துண்டுகளாகப் பிரித்து, சேரும் கோட்டைத் தெருவோ வாய்க்காலோ மறைக்கும்படி அமையுங்கள். கோபுரங்களை ஒட்டாமல் ஈர்க்கு ஆணியில் குத்தி நிறுத்தினால் கழற்றித் தனியாகச் சுற்றலாம். ஒவ்வொரு துண்டையும் பெட்டிக்குள் வைத்து, மொடலை அல்ல, அடிப்பலகையைப் பெட்டியோடு திருகாணியால் இறுக்குங்கள். பெட்டியின் மேற்பக்கத்தில் ஒரு படத்தை ஒட்டிவிடுங்கள். உள்ளே என்ன என்று தெரிந்தால் நடத்துனர் அதன் மேலே அரிசி மூட்டையை ஏற்றமாட்டார்.